ஆழ்கடல் நண்டுக்கு ஒரு கோயம்புத்தூர் பம்ப்

நியூவார்க் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த சாமானை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

"பம்ப்."

"எதற்கு?"

"நண்டுக்கு."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மூன்று பேரும் பம்பைச் சுற்றி நின்றுகொண்டு, நண்டு இந்தியாவில் இருக்கிறதா, அமெரிக்காவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். நண்டு அமெரிக்க நண்டுதான், பம்ப் மட்டும்தான் இந்தியா என்று சொன்னதும் அவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. மேலதிகாரி வேட்டியைத் தானே மறுபடியும் சுற்றிக் கொடுத்தார். சுற்றத்தான் தெரியவில்லை.

நானும் பழனிசாமியண்ணனும் கோயம்புத்தூர் கணபதியில் கூட்டாகப் பம்ப் பட்டறை நடத்துகிறோம். கிணற்றுக்குப் போடுகிற பம்ப். கிணறெல்லாம் வற்றி ஜனங்கள் ஆழ்துளைப் போருக்கும் அதற்குள் இறக்குகிற சப்மெர்சிபிளுக்கும் போய்விட்ட தொண்ணூறுகளின் கடைசி அது. பட்டறையில் பாதி நாள் லேத் ஓடாது. ஒரு பனியன் கம்பெனிக்காரர் ஷெட்டை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பழனிசாமியண்ணன் முக்கால்வாசி சரியென்று சொல்லிவிட்டார். பாக்கிக் கால்வாசி என் முகத்துக்காக நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் அக்கா மகன் பிரகாஷ் நியூ ஜெர்சியில் பார்சிப்பனியிலிருந்து ஃபோன் செய்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை செய்கிற ஒருவரின் மைத்துனர், வால்ட் என்று பெயர், ஆழ்கடலில் சிவப்பு நண்டு பிடிக்கிற படகு வைத்திருக்கிறார். பிடித்த நண்டைத் தொட்டியில் உயிரோடு வைத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீர் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குகிற பம்பையெல்லாம் உப்பு அரித்துவிடுகிறது. பிரகாஷ் சும்மா இராமல், "எங்க மாமா கன்மெட்டல்ல பம்ப் காஸ்ட் பண்ணுவாரு, அதை உப்பு ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி வைத்திருக்கிறான். அந்த ஆள், பம்பையும் அதைச் செய்தவரையும் அனுப்பு, ஒரு தடவை கடலுக்குக் கூட வந்து ஓட்டிக் காட்டட்டும் என்றிருக்கிறார்.

"நண்டுக்குப் பம்பா?" என்றார் பழனிசாமியண்ணன். "ஏப்பா சிவராசு, நண்டு என்ன வெவசாயமா பண்ணுது?"

இருந்தாலும் பம்புக்கு வார்ப்பு ஊற்றும்போது அவர்தான் பக்கத்தில் நின்றார்.

பார்சிப்பனியில் பிரகாஷ் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதால் முதல் நாள் காலையில் நடக்கப் போய்விட்டு வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவரும் தமிழர்தான், திருநெல்வேலிக்காரர். "அடுத்த லேன் சார், பிரகாஷ் வீடு. எல்லாரும் ஒரு தடவை இங்க வந்துட்டுத்தான் போவாங்க" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினார்.

பிரகாஷின் மனைவி சித்ராவுக்குப் பெரிய கவலை சாப்பாட்டைப் பற்றி. அது புரட்டாசி மாதம். புரட்டாசியில் நான் கவிச்சி தொடுவதில்லை. தொடமாட்டேன் என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

"மாமா, நண்டு போட்ல போய் நாலு நாள் என்ன சாப்பிடுவீங்க? டிலே பண்ணி நெக்ஸ்ட் மந்த் போக முடியாதா?"

"நண்டுக்குப் புரட்டாசி தெரியாது கண்ணு" என்றேன்.

அவள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் அடைத்தாள். ஐந்து டப்பா. ஒவ்வொன்றின் மேலும் வெனிலா என்றும் சாக்லேட் என்றும் இருந்தது.

மூன்றாம் நாள் பிரகாஷ் காரில் தெற்கே துறைமுகத்துக்குக் கூட்டிப் போனான். வழியில் சாலைக்கு வரி கட்டுகிற இடத்தில் ஆளே இல்லை. பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அதில் சில்லறையை எறிய வேண்டியது. எனக்கு ஆசையாக இருந்தது. "நான் ஒண்ணு போடறேன் மாப்ள" என்று பக்கத்து சீட்டிலிருந்து அவன் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி எறிந்தேன். காசு கூடை விளிம்பில் பட்டுத் தெறித்துக் காருக்கு அடியில் உருண்டுபோனது. பிரகாஷிடம் வேறு சில்லறை இல்லை. நான் இறங்கிக் குனிந்து தேடினேன். அமெரிக்காவில் யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எழுதியவர் நியூ ஜெர்சிக்கு வரவில்லை போலிருக்கிறது.

படகு நான் நினைத்ததைவிடப் பெரிதாகவும் அழுக்காகவும் இருந்தது. இரும்புப் படகு. மேல்தளத்தில் கம்பிவலை போட்ட மரக்கூடுகள் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தன. வால்ட் ஆறடிக்கு மேல் உயரம். ஒரு நாளைக்கு இவ்வளவு வார்த்தைதான் என்று அளந்து வைத்திருப்பவர் போலப் பேசினார். என் கையைக் குலுக்கிவிட்டு, பம்பைத் தட்டிப் பார்த்து, "மணி மாதிரி இருக்கிறதே" என்றார். கன்மெட்டல் வெண்கல ஜாதி, அப்படித்தான் ஒலிக்கும். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"லைஃப் ஜாக்கெட்டக் கழட்டாதீங்க மாமா. அத்தைக்கு நான்தான் ஆன்சர் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் பிரகாஷ் போய்விட்டான்.

படகில் இரண்டு தொட்டிகள். ஒன்றுக்கு அவர்களுடைய பழைய பம்ப், இன்னொன்றுக்கு நம்முடையது. அங்கிருந்த மோட்டாரிலேயே நம் பம்பைப் பூட்டி ஓட்டிவிட்டேன். தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனாலும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக வந்தால் தேவலை என்றிருந்தது. தொட்டிக்குள் உறிஞ்சுகுழாயின் வாயில் பொடிக்கண் ஜல்லடை ஒன்று இருந்தது. அது தண்ணீரைத் தடுக்கிறது என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். நண்டு குழாய்ப் பக்கம் வராமல் தடுக்க மரச்சட்டம் இருந்தது, அது போதுமென்று தோன்றியது. இப்போது திரும்புகிற குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வால்ட் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். ஜல்லடையைக் கழற்றியதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கரை மறைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. ஊட்டி பஸ்ஸில் குன்னூர் வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிற ஆள் நான். குன்னூரில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முடிவு உண்டு. இங்கே அது இல்லை. வெனிலா டப்பா, சாக்லேட் டப்பா இரண்டும் உள்ளே போன வழியே வெளியே வந்துவிட்டன; பாக்கி மூன்றைத் திறக்கவே பிடிக்கவில்லை. படுக்கையில் கட்டியிருந்த லுங்கியும் போச்சு. காலையில் அதைத் துவைத்து மேல்தளத்துக் கம்பியில் காயப்போட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கம்பி மட்டும் இருந்தது. காற்று அடித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன்.

சமையல் மேனுவல். போர்ச்சுகல் பக்கத்தில் ஒரு தீவிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும், கூடு இழுக்கிற வேலையும் அவருக்குத்தான். நான் எதுவும் தொடாமல் இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புரட்டாசியை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். இந்த ஒரு மாதம் சாமிக்காக மாமிசம் கிடையாது, அடுத்த மாதம் எல்லாம் சாப்பிடுவேன் என்றேன்.

"எங்களுக்கும் உண்டு, ஈஸ்டருக்கு முன்னால்" என்றார் அவர். "ஆனால் அப்போது மீன் சாப்பிடுவோம்."

"மீன் மாமிசம் இல்லையா?"

"மீன் எப்படி மாமிசமாகும்? மீன் மீன்தான்."

அன்றிலிருந்து எனக்கென்று தனிச் சட்டியில் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருவார். மிளகாய்த்தூள் கேட்டேன். ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் பயந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார். டப்பாவை வாங்கி நானே போட்டுக்கொண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

படகில் இன்னொருவர் கேரன் என்ற பெண். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். நண்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். மீன்பிடிக்காரர்கள் எதைப் பிடிக்கிறார்கள், எதைத் திருப்பி விடுகிறார்கள் என்று எழுதிக்கொள்ள ஒவ்வொரு தடவையும் யாராவது கூட வருவார்களாம். வால்ட் பேசாத வார்த்தைகளையெல்லாம் சேர்த்து அவர் பேசினார்.

இரண்டாம் நாள் முதலாவது கயிற்றை இழுத்தார்கள். ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொன்றிலும் அழுகல் மீன் இரை. எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று கேட்டேன். இரண்டாயிரம் அடிக்கும் மேல் என்றார் கேரன். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டாலே தண்ணீருக்குப் பதிலாகப் புகைதான் கிளம்பும். இவர்கள் இரண்டாயிரம் அடியில் கூட்டை இறக்கி நண்டு எடுக்கிறார்கள்.

கூடு மேலே வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் செங்கல் சிவப்பு. உடம்பு மட்டும் என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சேர்த்த அகலம். காலை நீட்டினால் இரண்டடிக்கு மேல் வரும். நான் வால்டிடம், "யாரோ ஏற்கெனவே வேகவைத்துவிட்டார்கள்" என்றேன். அப்போது ஒன்று நடந்து வந்து என் பூட்ஸைப் பிடித்தது.

"பச்சையாகவே இதன் நிறம் அப்படித்தான்" என்றார் கேரன் சிரித்துக்கொண்டே. "அந்த ஆழத்துக்குச் சிவப்பு வெளிச்சம் போகாது. அங்கே இது கறுப்பாகத்தான் தெரியும். அதாவது, தெரியாது."

ஒவ்வொன்றாகப் புரட்டி அடிவயிற்றைக் காட்டினார். வயிற்றில் மடித்து ஒட்டிய மூடி மாதிரி ஒன்று. ஆணுக்கு அது குறுகல், பெண்ணுக்கு அகலம், முட்டையை அதற்குள்தான் வைத்துக் காக்கும். பெண் உருவத்தில் சிறியது. பெண்ணெல்லாம் உடனே கடலுக்குத் திரும்பிவிடும், பெரிய ஆண்கள் மட்டும் தொட்டிக்கு. பெண் நண்டு தன் மேலோட்டை உரிக்கிற சமயத்தில் உடம்பு மெத்தென்றாகிவிடும். அப்போது ஆண் அதைத் தன் கால்களுக்கு உள்ளே கூண்டு மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காகக் காவல் நிற்குமாம்.

"சாப்பிடாமலா?" என்று கேட்டேன்.

"சரியாகத் தெரியவில்லை. ரொம்ப ஆழம். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை."

நான் என் வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பட்டறைக்குப் போய்விடுவேன்.

தொட்டியில் இறங்கிய நண்டுகளைப் பார்க்க அன்றைக்கு நாலைந்து தடவை போனேன். தண்ணீர் நாலு, ஐந்து டிகிரியில் இருக்க வேண்டும், பம்ப் அதைக் குளிரூட்டும் மெஷின் வழியாகச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். மேலே இருக்கிற கடல்தண்ணீர் நமக்கு ஜில்லென்று இருந்தாலும் இதற்கு வெந்நீர். செத்த நண்டைக் கரையில் யாரும் வாங்கமாட்டார்கள், சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே இந்தக் கூட்டத்தின் உயிரே என் பம்பில்தான் இருந்தது. அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. மேனுவலிடம், எங்கள் பம்ப் வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்று சொன்னேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அது நின்றது.

முதலில் முனகியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், உள்ளே எதையோ கடித்துக்கொண்டு சுற்ற முடியாமல் தவிக்கிற சத்தம். நான் இயந்திர அறைக்கு இறங்குவதற்குள் மோட்டார் கட்டாகிவிட்டது. வால்ட் மேலிருந்து, "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன், மனசுக்குள் இரண்டு என்று சொல்லிக்கொண்டு.

இன்னொரு தொட்டி நிறைந்திருந்தது, மாற்ற இடமில்லை. மேல்மட்டக் கடல்தண்ணீர் இதற்குச் சூடு, அதைப் பீய்ச்சவும் முடியாது. மேனுவலும் கேரனும் இரைக்கு வைத்திருந்த ஐஸ் முழுவதையும் அள்ளித் தொட்டியில் கொட்டினார்கள். கொஞ்சம் நண்டுகளைக் கூடையில் எடுத்து ஈரச்சாக்கு போட்டு மூடினார்கள். நான் கீழே நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். படகு ஒரு பக்கம் சாய, நான் ஒரு பக்கம் சாய, ஸ்பேனர் மூன்றாம் பக்கம் போய் விழும். பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அங்கே தரை அசையாது.

மூடியைத் திறந்தால் உள்ளே துணி. நீலக் கட்டம் போட்ட துணி, தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. வால்ட் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். திரும்பி மேலே பார்த்து, "மேனுவல்" என்றார்.

மேனுவல் வந்தார்.

"உன் அடுப்படித் துணியைத் தொட்டிக்குப் பக்கத்தில் காயப்போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்?"

மேனுவலின் அடுப்படித் துணியும் நீலக் கட்டம்தான். அவர் அந்தத் துணியைப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். "காற்றில் பறந்திருக்கும். தெரியவில்லை" என்றார். முகம் செத்துவிட்டது. முன்பே ஏதோ இப்படி நடந்திருக்கிறது போல.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் சொல்லவில்லை. துணியைக் கத்தியால் அறுத்து அறுத்து இழுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் பம்பின் பெயர் பிழைக்கும். பம்பின் பெயர் பிழைத்தால் பட்டறை பிழைக்கும். படகில் யாருக்கும் லுங்கி என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்த துண்டை இழுத்தேன், மூட்டியிருந்த தையல் வந்தது. என் வீட்டுக்காரி கையால் போட்ட தையல். அன்றைக்கு மத்தியானம்கூட மேனுவல் எனக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார்.

"கேப்டன்" என்றேன். "அது மேனுவல் துணி இல்லை. என்னுடையது."

"உன்னுடைய என்ன?"

இடுப்பைச் சுற்றிக் கையால் காட்டினேன். "இரவில் உடுத்துவது."

வால்ட் துண்டு ஒன்றை விரித்துப் பிடித்தார். "பாவாடையா?"

"பாவாடை இல்லை. ஆம்பிளைகள் உடுத்துவது."

"சரி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழாய் வாயில் ஜல்லடை இருக்கிறதே. அதைத் தாண்டி எப்படி உள்ளே வந்தது?" என்றார்.

"ஜல்லடையைக் கழற்றியதும் நான்தான்."

வால்ட் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. திட்டவில்லை. மேனுவல் பக்கம் திரும்பி, "உன்னிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றார். பிறகு படியேறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இம்பெல்லருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததில் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கட் கிழிந்துவிட்டது, கையில் வேறு இல்லை. கெட்டி அட்டை ஏதாவது வேண்டும் என்றேன். மேனுவல் ஓடிப்போய் காலையில் பாலில் போட்டுத் தின்கிற சோளப்பொரி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பாதிப் பொரி இருந்தது. அதை அப்படியே கடலில் கொட்டிவிட்டார். அட்டையை வைத்துச் சுத்தியலால் விளிம்பில் தட்டித் தட்டி வட்டம் வெட்டி, கிரீஸ் தடவிப் பூட்டினேன். ஜல்லடையை மாட்டினேன். ஓட்டினோம். ஒழுகவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மேலே போனபோது கேரன் தொட்டி ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாக எடுத்துக் காலைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைந்தது தொட்டிக்கு, அசையாதது கூடைக்கு. பெரும்பாலும் பிழைத்துவிட்டன. இரண்டு கூடை பிழைக்கவில்லை. கூடையைக் கடலில் கவிழ்ப்பதற்கு நானும் போனேன். கடைசியில் ஒன்று என் கையில் இருந்தது. பெரிய ஆண், ஓட்டில் பழைய காயம், கறுப்புப் படிந்திருந்தது.

"இதற்கு எத்தனை வயது இருக்கும்?" என்று கேட்டேன்.

"அதுவும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது" என்றார். "இவ்வளவு பெரிசானால் ஓடு உரிப்பது அபூர்வம். அந்தக் குளிரில் எல்லாம் மெதுவாகத்தான் வளரும். உங்கள் பம்பை எப்போது செய்ய ஆரம்பித்தீர்களோ, அதற்கும் முன்னால் பிறந்ததாகக்கூட இருக்கலாம்."

அதைக் கடலில் எறியாமல், படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் விட்டேன். அதனால் அதற்கு ஒரு லாபமும் இல்லை.

மறுநாள் கரை சேர்ந்தோம். லாரி வந்து நண்டுகளை எடுத்துக்கொண்டு போயிற்று. வால்ட் என்னிடம் பம்பைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கீழே இறங்கி, பம்பைத் திரும்பக் கொண்டுபோக நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். மூன்று கழற்றியிருப்பேன், பின்னால் பூட்ஸ் சத்தம்.

"என்ன செய்கிறாய்?"

"பம்பைக் கழற்றுகிறேன்."

"ஏன்?"

"வேண்டாம்தானே?"

வால்ட் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். "ஒரு முழுத் துணியைத் தின்றுவிட்டு மறுபடி ஓடுகிற பம்பை நான் பார்த்ததில்லை" என்றார். கழற்றிய நட்டுகளை அவரே மாட்டினார். "இது இருக்கட்டும். பனிக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு பேசுவோம்." படியில் ஏறப்போனவர் நின்று, "அப்போது நீ வர வேண்டியதில்லை" என்றார்.

பிரகாஷ் வந்து கூட்டிப் போனான். கார்க் கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினான். பார்சிப்பனி வீட்டில் சித்ரா என்னைக் கராஜைத் தாண்டி விடவில்லை. பூட்ஸ், பேன்ட், பை எல்லாவற்றையும் அங்கேயே ஒரு கறுப்பு பாலிதீன் பையில் கட்டச் சொன்னாள். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, இதை லாண்டரி பண்ண முடியாது, டிஸ்போஸ்தான் பண்ணணும்." சாப்பாடு போட்டாள், ரசம். அதற்குப் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல். உருளைக்கிழங்கை அவளுக்குத் தெரியாமல் பிரகாஷ் தட்டுக்குத் தள்ளினேன்.

அன்றைக்குப் பழனிசாமியண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அங்கே விடிகாலை.

"ஆர்டர் ஆச்சா?"

"ஒண்ணை வெச்சுட்டு வந்திருக்கறனுங்கண்ணா. ஓட்டிப் பாக்கறன்னு சொல்லியிருக்கறாரு."

"ஒண்ணா? ஒண்ணு வைக்கறதுக்கா அத்தனை தூரம் போனே?"

நடந்ததைச் சொன்னேன். லுங்கியையும் சொன்னேன், ஜல்லடையையும் சொன்னேன். அவர், "ஒத்துக்கிட்டியா?" என்றார்.

"ஒத்துக்கிட்டனுங்க."

"செரி. பனியன் கம்பெனிக்காரனைச் சித்திரை வரைக்கும் பொறுக்கச் சொல்றேன்."

பங்குனிக் கடைசியில் ஃபேக்ஸ் வந்தது. பிரகாஷ் கையெழுத்து. வால்டின் பம்ப் இன்னும் ஓடுகிறது, அவருக்கு ஒன்றும் அவருடைய நண்பருக்கு இரண்டும் வேண்டும், பம்ப் உப்பிலேயே கிடந்து தாக்குப்பிடிக்குமா, அந்தத் தண்ணீரில் நண்டு உயிரோடு இருக்குமா என்று நண்பர் கேட்கிறார். பழனிசாமியண்ணன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பினார், ஸ்கூட்டர் முன்னால் ஒரு பை. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். சுத்த சைவம், நண்டை ராசிபலன் பக்கத்தில் கடகத்துக்கு நேராகப் பார்த்ததோடு சரி. பைக்குள் கயிறு கட்டிய உயிர் நண்டு ஒன்று. டெஸ்டிங் தொட்டியில் கல்லுப்பு மூட்டையைக் கொட்டிக் கலக்கச் சொன்னார். கத்தியால் கயிற்றை அறுத்து நண்டை விட்டார். பட்டறையில் கிடந்த ஒரு பம்பை ஓட்டச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. "உப்புக் கம்மியா இருக்கும்ங்களா?" "காலை அசைக்குதுங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதும் பம்பை நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் வந்து பார்த்தால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டியில் நண்டு இல்லை. அண்ணன் பம்பைத் திறக்கச் சொன்னார். திறந்தோம், உள்ளே சுத்தமாக இருந்தது. மெஷின்களுக்கு அடியிலெல்லாம் தேடினோம். லேத் ஓட்டுகிற செல்வராஜ் மட்டும் தேடவில்லை. அவன் வலது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

பழனிசாமியண்ணன் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்ப எடுத்தே?"

"காத்தால ஆறு மணிக்குங்க" என்றான் செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டு. "வீணாப் போயிரும்னுதானுங்க..."

"எடுக்கறப்ப உசுரோட இருந்துச்சா?"

அவன் விரலைத் தூக்கிக் காட்டினான். "நல்லா உசுரோடதானுங்க இருந்துச்சு."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "மூணுக்கும் வார்ப்பு ஊத்தச் சொல்லு" என்றார்.